அழகான பேனை ஏன் எழுதாமல் போகிறது? 1945 முதல் இன்றைய பேனை கிட் வரை

பதிவு கொஞ்சம் நீளம். பேனை மேல் பிரியம் உள்ளவர்களும், கையால் ஏதாவது செய்து பார்க்க ஆசைப்படுபவர்களும் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

மரத்தில் பேனை கடைவது ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் நம் ஊரில் பலர் ஆச்சரியப்படுவார்கள். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீட்டின் பின்பக்கத்திலோ கராஜிலோ சின்னதாக ஒரு லேத் மெசின் வைத்துக்கொண்டு ஓய்வுநேரத்தில் மரம் கடைபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது பேனையைத்தான். கொஞ்ச மரம் போதும், ஒரு பின்னேரத்தில் வேலை முடியும், யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். 1990களில் இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது. அதற்கு மரமோ மெசினோ காரணம் அல்ல. காரணம், 'பேனை கிட்' என்று விற்கப்பட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை.

அந்தப் பைக்குள் என்ன இருக்கும்? இரண்டு மெல்லிய பித்தளைக் குழாய்கள், எழுதும் முனையைத் தாங்கும் கூம்பு, நடுவில் போடும் வளையம், சட்டைப்பையில் குத்தும் கிளிப், தலைப்பக்க மூடி, முனையை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் திருகுபொறி, ஒரு ரீஃபில். அதிகம் விற்கும் மெல்லிய ரகத்துக்கு 7 மில்லிமீற்றர் துளைக்கம்பி போதும். மரத்துண்டின் நடுவே துளை போட்டு, பித்தளைக் குழாயைப் பசை பூசி உள்ளே இறக்கி, முனைகளைச் சமமாகச் சீவி, லேத்தில் ஏற்றிக் கடைந்து, உப்புக்கடதாசியால் தேய்த்து, மெருகு ஏற்றி, கடைசியில் உலோகப் பாகங்களை இரு பக்கமும் அழுத்திச் செருகினால் பேனை ரெடி. பெரும்பாலான கிட்கள் தாய்வானிலும், பின்னர் சீனாவிலும் செய்யப்பட்டவை. விலை இரண்டு மூன்று டொலரிலிருந்து தொடங்கும்.

அதாவது கடைபவர் செய்வது பேனையின் உடம்பை மட்டும். உயிர் பைக்குள் வருகிறது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளருக்கு, அவர் ஓய்வுபெற்றபோது, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தன் கையாலேயே கடைந்த பேனை ஒன்றை அனுப்பியிருந்தார். தேன் நிறத்தில், கையில் பிடித்தால் வைக்க மனம் வராத பேனை. சில மாதங்களில் எழுத்து விட்டுவிட்டு வரத் தொடங்கியது. பிறகு திருகினால் முனை வெளியே வந்து நிற்காமல், எழுத அழுத்தியதும் உள்ளே போய்விடும். சேர் அதை அலுமாரியில் வைத்துவிட்டார். மாணவருக்கு எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பாசத்தோடு செய்து அனுப்பிய பொருளைப் பழுது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் வாங்கிய பேனை எழுதாவிட்டால் கொண்டுபோய்ச் சண்டை பிடிப்போம். அன்பளிப்பாக வந்த பேனை எழுதாவிட்டால் வாய் திறக்க மாட்டோம். ஆகவே கடைந்தவருக்குத் தன் பேனை செத்துப்போனது தெரியாது. அவருக்குத் தெரியாததால் கிட் விற்றவரிடம் முறைப்பாடும் போகாது. அவர் அதே கிட்டை வாங்கி இன்னும் பத்துப் பேருக்குக் கடைந்து கொடுப்பார். கிட் பேனைகளின் பழுது இவ்வளவு காலம் திருந்தாமல் இருப்பதற்கு மலிவு விலை மட்டும் காரணமில்லை. இந்த மரியாதையான மௌனமும் காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கிட் பேனையில் இன்று கேட்கும் குறைகள் எல்லாம் ஏற்கனவே ஒரு தடவை உலகம் முழுக்கக் கேட்ட குறைகள்தான்.

குமிழ்முனைப் பேனை என்ற யோசனை பழையது. தோலில் அடையாளம் போடுவதற்காக ஜோன் லௌட் என்ற அமெரிக்கர் 1888இலேயே அதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் கடதாசியில் ஒழுங்காக எழுத அதனால் முடியவில்லை. ஒரு சின்னப் பந்து, அதைப் பிடித்திருக்கும் ஒரு குழி, இரண்டுக்கும் இடையில் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளி. இடைவெளி கொஞ்சம் கூடினால் மை ஒழுகும். கொஞ்சம் குறைந்தால் பந்து இறுகி எழுத்து விட்டுவிட்டு வரும். இடைவெளி சரியாக அமைந்தாலும் மை தண்ணியாக இருந்தால் ஒழுகும், தடிப்பாக இருந்தால் வராது. வெயிலில் மை இளகும், குளிரில் இறுகும். அதனால்தான் லௌட்டுக்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் பலர் முயன்றும் சரிவரவில்லை.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ அச்சகத்தில் பத்திரிகை மை சட்டென்று காய்வதைக் கவனித்தார். அந்த மை மைப்பேனையின் நிப்பில் ஓடாது, அவ்வளவு தடிப்பு. தன் சகோதரர் கியோர்கியோடு சேர்ந்து மையையும் பந்தையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தார். 1938இல் பிரித்தானியாவில் காப்புரிமை. பிறகு ஐரோப்பாவில் யூதர்களுக்கு நேர்ந்த நிலைமையால் தப்பி ஆர்ஜென்டினா போய், அங்கே 1943இல் இன்னொரு காப்புரிமை. பிரித்தானிய விமானப்படை 30,000 பேனைகள் வாங்கியது. உயரத்தில் பறக்கும்போது மைப்பேனை கக்கிவிடும், இது கக்காது என்பதுதான் காரணம். பிரித்தானியாவில் இன்றும் குமிழ்முனைப் பேனைக்கு 'பைரோ' என்றே பேர். பீரோவின் பிறந்தநாளான செப்டம்பர் 29ஐ ஆர்ஜென்டினா கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறது.

இதுவரை பொறுமையான கதை. அடுத்து வருவது அவசரக் கதை.

1945இல் எவர்ஷார்ப், எபர்ஹார்ட் ஃபேபர் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பனிகள் 5 இலட்சம் டொலர் கொடுத்து பீரோவின் உரிமையை வாங்கின. அதே ஆண்டு சிக்காகோ வியாபாரி மில்டன் ரெனோல்ட்ஸ் புவனஸ் அயர்ஸ் போயிருந்தபோது இந்தப் பேனையைப் பார்த்தார். அவரிடம் உரிமை இல்லை. ஆனால் பீரோவின் காப்புரிமை மை நுண்துளை வழியாகத் தானே இழுபடும் முறையைச் சுற்றியே இருந்தது. மை தன் பாரத்தில் கீழே இறங்கும் முறையில் செய்தால் சட்டத்தில் தப்பலாம் என்று கணக்குப் போட்டார். சட்டத்தில் தப்பினார். ஆனால் பாரத்தில் இறங்கும் மைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது அல்லவா?

1945 ஒக்டோபர் 29. நியூயோர்க்கின் கிம்பல்ஸ் கடை. ஒரு பேனை 12.50 டொலர். தண்ணீருக்கு அடியிலும் எழுதும் என்று விளம்பரம். முதல் நாளே சுமார் 10,000 பேனைகள் விற்றதாகச் சொல்வார்கள். தண்ணீருக்கு அடியில் எழுத வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்று தெரியவில்லை. கடதாசியில் எழுத வேண்டிய தேவை எல்லோருக்கும் இருந்தது, அதில்தான் தகராறு. சட்டைப்பைகளில் மை ஒழுகியது, கோடு விட்டுவிட்டு வந்தது, எழுதியது அப்பியது. உத்தரவாதத்தை நம்பி வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் பேனைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எவர்ஷார்ப் 1946இல் தன் பேனையோடு வந்தது. உரிமையைக் காசு கொடுத்து வாங்கிய கம்பனி. ஆனாலும் அதன் பேனைகளும் திரும்பி வந்தன. ஏனென்றால் உரிமை என்பது கடதாசியில் இருப்பது. பந்தும் குழியும் தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் ஒரே அளவில் வர வேண்டும். அந்தத் திறமை அப்போது யாரிடமும் இல்லை.

ரெனோல்ட்ஸ் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. 1947இல் தன் பேனையின் பேரைப் பறைசாற்ற, குண்டுவீச்சு விமானம் ஒன்றை மாற்றியமைத்து, பில் ஓடம் என்ற விமானியோடு 78 மணி 55 நிமிடத்தில் உலகத்தைச் சுற்றி வந்து சாதனை படைத்தார். விமானம் உலகம் சுற்றியது, பேனை ஒழுகுவது நிற்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 12.50 டொலர் பேனை 50 சதத்துக்கும் குறைவாக விலைபோனது. 1951இல் ரெனோல்ட்ஸின் பேனை வியாபாரம் மூடப்பட்டது. எவர்ஷார்ப் தன் பேனைப் பிரிவை 1957இல் பார்க்கருக்கு விற்றுவிட்டது.

இதற்குள் சனங்களின் மனதில் ஒரு முடிவு விழுந்துவிட்டது. குமிழ்முனைப் பேனை நம்ப முடியாத சாமான். வங்கிகள் சில அதில் போட்ட கையொப்பத்தை ஏற்க மறுத்தன. பாடசாலைகள் தடுத்தன. பிரான்ஸில் பிள்ளைகள் பாடசாலையில் இதைப் பாவிக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் வாப்பாவின் காலத்திலும் நம் பாடசாலைகளில் இதே கதைதான், குமிழ்முனையால் எழுதினால் கையெழுத்து கெட்டுவிடும் என்று கொப்பியை வீசிய ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு பொருள் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் இழந்த நம்பிக்கையை மீட்க இருபது ஆண்டுகள் எடுத்தது.

எப்படி மீட்டார்கள் என்பதுதான் முக்கியம், கிட் பேனையின் பிரச்சினைக்கும் அதில் விடை இருக்கிறது.

முதலில் மை. ஃபிரான் சீச் என்பவர் செய்த, சட்டென்று காயும், துணியில் பட்டால் கழுவிப்போகும் மையை வைத்து பற்றிக் ஃப்ரோலி 1949இல் பேப்பர் மேட்டைத் தொடங்கினார். அவருடைய விற்பனையாளர்கள் கடைக்காரர்களின் வெள்ளைச் சட்டையிலேயே கிறுக்கிக் காட்டுவார்களாம், கறை போகாவிட்டால் அதைவிட நல்ல சட்டை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்து. 1955இல் ஜில்லெட் அந்தக் கம்பனியை 15.5 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

அடுத்தது பந்து. பிரான்ஸில் மார்செல் பிஷ், பீரோவிடம் முறையாக உரிமை வாங்கி, சுவிஸ் கடிகாரத் தொழிலில் பாவித்த மாதிரியான நுணுக்கமான இயந்திரங்களைக் கொண்டு பந்தையும் முனையையும் செய்தார். 1950 டிசம்பரில் வந்தது பிக் கிறிஸ்டல். நாம் எல்லோரும் கையில் பிடித்திருக்கும் அந்த ஆறு பக்கப் பேனை. அதன் உடம்பின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைப் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்கத்தான் அது. ரெனோல்ட்ஸ் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்திய ஆள் பிஷ் என்றே சொல்லலாம்.

பார்க்கர் கம்பனி அவசரப்படவில்லை. மற்றவர்கள் எல்லாம் அடிபட்டு முடியும் வரை இருந்து 1954இல்தான் ஜொட்டரை இறக்கியது. ஒவ்வொரு தடவையும் தலையை அமுக்கும்போது ரீஃபில் கால் சுற்றுத் திரும்பும், அதனால் முனை ஒரே பக்கமாகத் தேயாது. 1957இல் வழுக்காத மேற்பரப்புள்ள டங்ஸ்டன் கார்பைட் பந்து வந்தது. அந்த ரீஃபிலின் வடிவம் பிறகு மற்றவர்களும் பின்பற்றும் பொது அளவாகி, இன்று ஜி2 என்ற பேரில் சர்வதேசத் தரத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டுக்கு முந்திய பேனைக்கு இன்று கடையில் வாங்கிய ரீஃபில் பொருந்துகிறது.

இந்த வெற்றிகளில் பொதுவாக என்ன இருக்கிறது? பந்து, குழி, மை, குழாய், பொறி, உடம்பு எல்லாவற்றையும் ஒரே கம்பனி ஒரே கண்ணால் பார்த்தது. ஒரு பாகத்தின் அளவு மாறினால் அடுத்த பாகத்தை அதற்கேற்ப மாற்ற ஒருவர் பொறுப்பாக இருந்தார். ஒழுகினால் யாருடைய தவறு என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருந்தது.

பேனை கிட் அந்தப் பூட்டை மறுபடி கழற்றிவிட்டது. பொறி ஒரு இடத்தில், முலாம் இன்னொரு இடத்தில், ரீஃபில் எங்கே மலிவோ அங்கே, விற்பவர் வேறு நாட்டில், கடைபவர் தன் வீட்டுக் கராஜில். எல்லாப் பாகமும் கடைசியில் சந்திப்பது கடைபவரின் கையில். ஆனால் அவற்றில் எதன் அளவையும் அவர் தீர்மானிக்கவில்லை. 1945இன் குறைகள் திரும்பி வந்ததில் ஆச்சரியம் என்ன?

ரீஃபிலையே பாருங்கள். மெல்லிய கிட்களில் வருவது க்ரொஸ் வகை ரீஃபிலின் பிரதி. அசல் க்ரொஸ் ரீஃபிலின் விலை கிட் முழுவதன் விலையைத் தொட்டுவிடும், ஆகவே பைக்குள் அசல் வர வழியே இல்லை. மை வரண்டோ முனை அடைத்தோ எழுத்து விடும். வாங்கியவர் பேனையே பழுது என்று நினைப்பார். அந்த மெல்லிய ரீஃபில் நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் கேட்டால் கிடைப்பதும் கஷ்டம். பேனை பாதி உயிரோடு அலுமாரிக்குப் போவது இப்படித்தான்.

திருகுபொறி அடுத்த தலைவலி. அதைப் பித்தளைக் குழாய்க்குள் அழுத்திச் செருகும் ஆழம் மிகச் சரியாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் முனை உள்ளே போகவே போகாது, சட்டைப்பையில் கோடு விழும். குறைந்தால் முனை வெளியே வராது. அழுத்திய பிறகு இலேசில் வெளியே இழுக்கவும் முடியாது. பொறியின் உள்ளே இருப்பது சின்னப் பிளாஸ்டிக் துண்டு, அது தேய்ந்தால் திருகினாலும் முனை நிற்காது. அலுமாரிக்குப் போன அந்தப் பேனைக்கு நடந்தது இதுதான் என்பது என் ஊகம்.

முலாம் விஷயம் சுவாரஸ்யமானது. விளம்பரத்தில் '24 கரட் தங்கம்' என்று இருக்கும். உண்மைதான், பொய் இல்லை. ஆனால் 24 கரட் என்பது தூய்மையின் அளவு, தடிப்பின் அளவு அல்ல. தூய தங்கம் மென்மையானது, அதிலும் கிட்டில் பூசப்படுவது மிக மெல்லிய படலம். நாள்தோறும் விரல் படும் முனைப்பக்கத்தில்தான் முதலில் தேயும். வியர்வை கூடியவர்கள் கையில் இன்னும் சீக்கிரம். அதே மஞ்சள் நிறத்தில் டைட்டேனியம் நைற்றைட் பூச்சும் உண்டு. துளைபோடும் கம்பிகளில் பொன்னிறமாக மின்னுமே, அதே பூச்சு. அது தங்கத்தைவிடப் பல மடங்கு கடினம், வருடக்கணக்கில் நிற்கும். குரோமும் ரோடியமும் நன்றாகவே நிற்கும். ஆனால் அன்பளிப்பு வாங்குபவருக்கு 'டைட்டேனியம் நைற்றைட்' என்று சொன்னால் முகம் மலராது, 'தங்கம்' என்றால் மலரும். ஆகவே தேயும் பொருளே கூட விற்கிறது.

மைப்பேனை கிட்களில் இன்னொரு கூத்து. நிப்பில் 'இரிடியம் பொயின்ட் ஜேர்மனி' என்று பொறித்திருக்கும். இந்த எழுத்து இருப்பதால் நிப்பு ஜேர்மனியில் செய்தது என்று நம்பிவிட முடியாது, ஆசியாவில் செய்த மலிவு நிப்புகளிலும் அது நிறைய உண்டு. முனையில் இரிடியம் இருக்கிறதா என்றால், நல்ல கம்பனிகளின் நிப்புகளிலேயே இப்போது இருப்பது பெரும்பாலும் வேறு கடின உலோகக் கலவைகள்தான். 'இரிடியம்' என்பது பழக்கத்தில் நின்றுபோன பேர். அப்படியொரு நிப்பு நன்றாக எழுதவும் கூடும், அடுத்த பையில் வந்தது சுரண்டவும் கூடும். ஒரே சீரான தரம் இல்லை என்பதுதான் குறை.

கிட் விற்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பழுது என்று திரும்பி வருபவற்றில் ஒரு பகுதி கடைபவரின் கைவேலை. குழாய்க்குள் பசை வழிந்து கிடந்தால் பொறி நேராக இறங்காது. முனைகளைச் சதுரமாகச் சீவாவிட்டால் வளையத்தில் இடைவெளி தெரியும். ஈரம் காயாத மரத்தைக் கடைந்தால் அது பிறகு சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது, மரம் நீளத்துக்கு வெடிக்கும். இதில் பேர்போனது கருங்காலி. உலகச் சந்தையில் 'சிலோன் எபனி' என்று நம் நாட்டுப் பேரையே தாங்கிய மரம், இன்று இங்கே சட்டப் பாதுகாப்பில் இருப்பது. உப்புக்கடதாசி தேய்க்கும்போது வரும் சூட்டிலேயே நுண்ணிய வெடிப்பு விழக்கூடிய மரம் அது. அதில் பேனை கடைந்துவிட்டு கிட்டைக் குறைசொல்வது நியாயமில்லை.

ஆனால் இழப்பு இரண்டு பக்கமும் சமமானதா? பழுதான கிட்டுக்குப் பதிலாக நல்ல விற்பனையாளர்கள் புதுக் கிட் அனுப்புவார்கள். இரண்டு டொலரோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடும். கடைந்தவருக்கோ உள்ளே இருக்கும் பாகத்தை அடித்து வெளியே எடுக்க வேண்டும், அதில் பாதி நேரம் மரம் பிளக்கும். அந்த மரம் சும்மா மரமாக இருக்காது. இடித்த பழைய வீட்டின் கதவு நிலை, மௌத்தான ஒருவர் நட்டு வைத்த மாமரக் கிளை, பாடசாலையின் பழைய மேசைக் கால். இப்படிப்பட்ட மரங்களைத்தான் ஆட்கள் தேடி எடுத்துப் பேனை கடைகிறார்கள். அதற்குப் பதில் மரம் எந்தக் கம்பனியும் அனுப்பாது. க்ரொஸ் கம்பனி தன் பேனைகளின் பொறிக்கு வாழ்நாள் உத்தரவாதம் கொடுக்கிறது. கொடுக்க முடிகிறது, ஏனென்றால் அதன் பேனையில் மாற்ற முடியாத பாகம் எதுவுமில்லை.

அனுபவமுள்ளவர்கள் இதற்குச் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். விலைமதிப்பான மரத்தை மலிவுக் கிட்டில் போடுவதில்லை. கிட்டோடு வந்த ரீஃபிலை எடுத்துப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, நல்ல ரீஃபில் போட்டே கொடுப்பார்கள். கூடியவரை பார்க்கர் வகை ரீஃபில் எடுக்கும் கிட்டையே தெரிவுசெய்வார்கள், அது எந்த நாட்டிலும் கிடைக்கும். பொறியை அழுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ரீஃபிலைப் போட்டுப் பார்த்து, மறுபடி அழுத்துவார்கள். பெட்டிக்குள் ரீஃபில் வகையை எழுதிய சின்னத் துண்டு ஒன்றும் வைப்பார்கள். கொடுத்து ஆறு மாதம் கழித்து, 'பேனை எழுதுதா?' என்று தாங்களாகவே கேட்பார்கள். மேலே சொன்ன மௌனத்தை உடைக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு யாராவது கடைந்த பேனை தந்திருந்தால், எழுதாவிட்டால் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். கோபிக்க மாட்டார். அநேகமாக ரீஃபில் மாற்றினாலே சரியாகிவிடும்.

இன்னும் சிலர் கிட்டையே விட்டுவிட்டார்கள். உடம்பு, கழுத்து, மூடி எல்லாவற்றையும் தாங்களே கடைந்து, புரியும் தாங்களே வெட்டுகிறார்கள். இதைப் புதுப் பாணி என்று மேற்கில் பேசுகிறார்கள், ஆனால் கிட் வருவதற்கு முன் பேனை செய்த முறையே இதுதான். எபனைட் என்ற கடின இறப்பர்க் கோலை லேத்தில் கடைந்துதான் பழைய மைப்பேனைகள் பிறந்தன. இந்தியாவில் அந்த வேலை விட்டுப்போகவே இல்லை. ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனை செய்து காந்திக்கு அனுப்பினார். உடம்பு இந்தியாவில் கடைந்தது, நிப்பு வெளிநாட்டுச் சரக்கு என்பதால் முதலில் காந்தி ஏற்கவில்லை, முழுக்க உள்நாட்டுப் பாகங்களால் செய்த பிறகே ஏற்றார் என்று சொல்வார்கள். அவர் ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதியது 1935இல். உள்ளே இருப்பது யாருடையது என்று அன்றே ஒருவர் கேட்டிருக்கிறார், அவருடைய காரணம் வேறு என்றாலும்.

தமிழ்நாட்டில் திருவள்ளூரின் ரங்கா பேனைகள் இன்றும் எபனைட்டில் கையால் கடைந்து வருகின்றன, உலகம் முழுக்க வாங்குகிறார்கள். வாங்குபவர்களில் பலர் அதில் ஜேர்மன் நிப்பு பொருத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கிட்டை விட்டுவிட்ட மேற்கத்தியக் கடைச்சல்காரர்களும் நிப்பு மட்டும் ஜேர்மனியிலிருந்தே எடுக்கிறார்கள். ஹைடல்பேர்க்கின் பொக், பேர்லினின் ஜோவோ என்று பேர் தெரிந்த கம்பனிகளின் நிப்பு, கழுத்தோடு புரிபோட்டுத் திருகுவது. நிப்பு சரிவராவிட்டால் திருகிக் கழற்றி, அதே அளவில் இன்னொன்று வாங்கிப் போடுகிறார்கள். மரத்தையோ எபனைட்டையோ உடைக்க வேண்டியதில்லை.